ஒரே ரெப்போவா, பன்னிரண்டா? திருவனந்தபுரம் சொல்லித்தரும் ரிலீஸ் பாடம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய கணினிகளைத் தூக்கிப் போடுவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்று பல அலுவலகங்கள் யோசிக்க ஆரம்பித்தன. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் அந்த முடிவை எப்போதோ எடுத்துவிட்டன. அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. அதைத் தயாரித்துக் கொடுக்கும் கைட் நிறுவனத்தின் தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இருக்கிறது.

லினக்ஸுக்கு மாறினால் செலவு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மாறிய பிறகு வருகிற கேள்விகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கோடை எத்தனை ரெப்போவில் வைப்பது? எப்போது ரிலீஸ் செய்வது? எந்த வெர்ஷனை எத்தனை வருடம் தாங்கிப் பிடிப்பது? கேட்க இவை டெவலப்பர்களின் உள்வீட்டு விவகாரம் மாதிரி இருக்கும். ஆனால் தவறாக முடிவெடுத்தால் அடி விழுவது தேர்வு எழுதுகிற மாணவருக்கும், சம்பளமில்லாமல் பராமரிக்கிற தன்னார்வலருக்கும்தான். நீங்கள் ஒரு ஸ்டார்ட்-அப்பில் இருந்தாலும், டெக்னோபார்க்கில் இருந்தாலும், வார இறுதியில் சொந்தமாக ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் நடத்தினாலும், இந்தக் கேள்விகள் உங்கள் மேசைக்கும் வரும்.

முதலில், திருவனந்தபுரம் எதற்கு?

இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20-ல் ரிச்சர்ட் ஸ்டால்மனை வைத்துத் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். கட்டற்ற மென்பொருளுக்கென்றே கேரள அரசு நடத்தும் ஐசிஃபாஸ் மையமும் இங்கேதான் இருக்கிறது. பள்ளிகளுக்கான ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-ல் ஆரம்பித்து, 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாநிலமே இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்பதால், ரெப்போவும் ரிலீஸும் நடைமுறையில் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மலையாள எழுத்துருக்கள். மற்றொன்று, பள்ளிக் கணினிகளின் இயங்குதளம்.

எழுத்துருக்கள்: ஒரு மூட்டை பன்னிரண்டான கதை

1978-ல் தமிழில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது நமக்குத் தெரியும். மலையாளத்தில் அதற்கு முன்பே, 1971-ல், தட்டச்சுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அரசு ஆணை போட்டு நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகளைக் குறைத்தார்கள். கணினி வந்த பிறகு, குறைத்ததைத் திரும்பக் கொண்டுவரலாமே என்று ஒரு தரப்பு கிளம்பியது. பழைய எழுத்து முறையை முழுமையாகக் காட்டும் ரச்சனா எழுத்துரு அப்படி வந்ததுதான். ரச்சனா, மீரா போன்ற எழுத்துருக்களைப் பராமரித்து வெளியிடும் பொறுப்பை ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வலர் குழு எடுத்துக்கொண்டது. எஸ்எம்சி என்பார்கள்.

ஆரம்பத்தில் எஸ்எம்சி எல்லா எழுத்துருக்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியிட்டது. டெபியனில் முதலில் ‘மலையாளம் ஃபான்ட்ஸ்’ என்றும், பிறகு ‘ஃபான்ட்ஸ்-எஸ்எம்சி’ என்றும் ஒரே பொதியாக அது கிடைத்தது. ஆள் குறைவு, எழுத்துருக்களும் குறைவு. அந்த நிலையில் அது சரியான முடிவுதான். ஒரு முறை ரிலீஸ் செய்தால் வேலை முடிந்தது.

சிக்கல் எங்கே வந்தது? ரச்சனாவில் ஒரு கூட்டெழுத்து சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்துவது பத்து நிமிட வேலை. ஆனால் மூட்டைக்கு ஒரே வெர்ஷன் எண் என்பதால், தொடவே தொடாத மற்ற எழுத்துருக்களுக்கும் புது எண் விழும். பயன்படுத்துபவருக்கு மீராவில் என்ன மாறியது என்று தெரியாது. உண்மையில் எதுவும் மாறியிருக்காது. இன்னொரு பக்கம், மஞ்சரி பாதி வேலையில் நிற்கிறது என்பதற்காக ரச்சனாவின் திருத்தம் காத்துக்கிடக்க நேரும்.

குழு வளர்ந்தபோது இது தாங்கவில்லை. 2016-ல் வந்த மஞ்சரிக்குத் தடிமன் வாரியாக மூன்று வடிவங்கள் இருந்தன. 2019-ல் காயத்ரி வந்தது. அதற்குப் பணம் கொடுத்தது திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரள பாஷா இன்ஸ்டிடியூட். ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்பாளர் வேறு, வேகம் வேறு, நிதி வரும் வழியும் வேறு. இன்று எஸ்எம்சியின் கிட்லேப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனி ரெப்போ, தனி வெர்ஷன் எண், தனி மாற்றப் பட்டியல். டெபியனில் மீரா, ரச்சனா, மஞ்சரி, சிலங்கா என்று 12 தனிப் பொதிகள்.

அப்படியானால் பழைய ‘ஃபான்ட்ஸ்-எஸ்எம்சி’ என்ன ஆனது? அதை அவர்கள் தூக்கவில்லை. உள்ளே எதுவும் இல்லாமல், அந்த 12-ஐயும் சேர்த்து இழுத்துவரும் ஒரு பெயர்ப்பொதியாக வைத்துக்கொண்டார்கள். எல்லாமே வேண்டும் என்பவர் பழைய பெயரையே தட்டச்சு செய்யலாம். உள்ளே வீட்டை இடித்துக் கட்டினாலும் வெளியே முகவரி மாறவில்லை. பிரிப்பதைப் பற்றி யோசிக்கிற எந்தக் குழுவும் முதலில் கவனிக்கவேண்டிய விஷயம் இது.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் எஸ்எம்சி கொடுத்ததுதான். தமிழ் எழுத்துரு மட்டும் தேவைப்படுபவர் மலையாள மூட்டை முழுவதையும் இறக்கவேண்டியதில்லை. டெபியனிலும் அது தனிப் பொதியாகவே கிடைக்கிறது.

அப்போ பிரிச்சுட்டா எல்லாம் சரியா?

இல்லை. பிரிப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

எழுத்துகள் எப்படிக் கூடவேண்டும் என்ற விதிகள் எழுத்துருக்களுக்கு இடையே பெருமளவு பொதுவானவை. மூட்டையாக இருந்தபோது ஒரு விதியை மாற்றினால் ஒரே கமிட்டில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம். தனித்தனியாக வைத்தால் அதே மாற்றத்தை ரெப்போ ரெப்போவாகப் போய்ச் செய்யவேண்டும். ஒன்றை மறந்தால், அந்த எழுத்துருவில் மட்டும் பழைய பிழை உட்கார்ந்திருக்கும். பில்ட் ஸ்கிரிப்ட், டெஸ்ட், தானியங்கிச் சோதனை அமைப்பு எல்லாமே 12 பிரதிகள்.

இந்த விலையைப் பார்த்து எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம் திட்டத்தில் கிளாங் உள்ளிட்ட துணைத் திட்டங்களுக்குத் தனித்தனி கிட் பிரதிகள் இருந்தன. 2019 அக்டோபரில் கிட்ஹப்புக்கு மாறியபோது எல்லாவற்றையும் ஒரே ரெப்போவாகச் சேர்த்துவிட்டார்கள். காரணம் எளிது. எல்எல்விஎம்-இன் உள்ளே ஒரு ஃபங்ஷன் மாறினால் கிளாங்கும் அதே நேரத்தில் மாறியாகவேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் ரிலீஸ் ஆகின்றன. சேர்ந்தே நகர்வதைப் பிரித்து வைத்தால், எதன் எந்த வெர்ஷன் எதோடு சேரும் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

எஸ்எம்சி போன வழியில் முன்பே போனது லினக்ஸின் திரையைக் கையாளும் எக்ஸ்.ஆர்க். ஒரு வீடியோ டிரைவரில் சின்னத் திருத்தம் என்றாலும் மொத்த அமைப்பின் அடுத்த ரிலீஸுக்குக் காத்திருக்கவேண்டிய நிலை அங்கே இருந்தது. 2005 டிசம்பர் 21-ல் அவர்கள் செய்ததைப் பாருங்கள். 6.9 என்று ஒரு ரிலீஸ், 7.0 என்று இன்னொரு ரிலீஸ், இரண்டும் ஒரே நாளில். இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றுதான். 6.9 பழையபடி ஒரே மூட்டை, 7.0 துண்டு துண்டாகப் பிரித்தது. மாறத் தயாராக இல்லாதவர் 6.9-ஐ எடுத்துக்கொள்ளலாம், யார் கையும் முறுக்கப்படவில்லை. அடுத்து வந்த ரிலீஸ்கள் எல்லாம் துண்டு வடிவத்தில்தான்.

கூகுளே ஒரே ரெப்போவில்தானே வைக்குது?

நேர்காணல்களில் அடிக்கடி கேட்கிற வாதம் இது. உண்மைதான். 2016-ல் வெளியான கட்டுரையில் கூகுள் சொன்ன கணக்குப்படி, அதன் ஒற்றை ரெப்போவில் சுமார் 200 கோடி வரி கோடு இருந்தது. கோப்புகள் சுமார் 100 கோடி, அளவு 86 டெராபைட்.

ஆனால் அதைத் தாங்குவதற்கென்றே கூகுள் சொந்தமாகக் கருவிகளைக் கட்டியது. அதைவிட முக்கியமாக, அந்தக் கோடைப் பயன்படுத்துகிறவர்களும் கூகுள் ஊழியர்கள்தான். ஒன்றை மாற்றினால் உடையக்கூடிய எல்லா இடங்களும் அவர்கள் கண்முன்னே இருக்கின்றன. ஓப்பன் சோர்ஸில் அந்த வசதி இல்லை. உங்கள் லைப்ரரியை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. அவர்களோடு நீங்கள் பேசும் ஒரே மொழி ரிலீஸும் வெர்ஷன் எண்ணும்தான்.

அதேபோல, துண்டு துண்டாக உடைப்பதே நவீனம் என்று நினைப்பதும் ஆபத்து. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதை எழுதியவர் என்பிஎம்-இல் இருந்து எடுத்துவிட்டார். அதைச் சார்ந்திருந்த எத்தனையோ திட்டங்களின் பில்ட் உலகம் முழுவதும் நின்றுபோனது. 11 வரிக்கு ஒரு பொதி என்றால், அந்த 11 வரிக்கும் ஒரு பராமரிப்பாளர், ஒரு உரிமை, ஒரு ஆபத்து.

நம் பக்கத்தில் ஓபன்-தமிழ் பைத்தான் லைப்ரரியைப் பாருங்கள். எழுத்துகளைப் பிரிப்பது, ஒலிபெயர்ப்பு, சொல்திருத்தி என்று பல பகுதிகள் அதில் இருக்கின்றன. எல்லாம் ஒரே ரெப்போ, ஒரே பொதி. எல்லாப் பகுதிகளும் ஒரே அடிப்படை எழுத்துக் கோடை நம்பியிருப்பதாலும், பராமரிக்கும் கைகள் சிலவே என்பதாலும் அது பொருத்தமான அமைப்பு. எஸ்எம்சி செய்தது போல இவர்களும் பிரிக்கவேண்டும் என்று சொன்னால் அது வெறும் ஃபேஷன்.

ரிலீஸ் தேதியை யார் தீர்மானிப்பது?

இனி பூஜப்புரைக்கு வருவோம். கைட்டின் இயங்குதளம் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. பாடத்திட்டத்துக்குத் தேவையான செயலிகளும் மலையாள எழுத்துருக்களும் அதோடு சேர்ந்து வரும். உபுண்டு 2 வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரலில், நீண்டகால ஆதரவு ரிலீஸைக் கொடுக்கிறது. 22.04 என்றால் 2022-ம் ஆண்டு 4-ம் மாதம். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஆதரவு 5 வருடம்.

பள்ளிகளுக்கு வந்த பதிப்புகளின் வரிசையைக் கவனியுங்கள். 14.04, பிறகு 18.04, பிறகு 22.04. மேலே இருப்பவர் 2 வருடத்துக்கு ஒன்று கொடுக்க, இவர்கள் ஒன்று விட்டு ஒன்றை எடுக்கிறார்கள். சோம்பேறித்தனமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 4 வருடத்துக்கு ஒரு முறை மாறினால், 5 வருட ஆதரவில் ஒரு வருடம் மிஞ்சுகிறது. அந்த ஒரு வருடத்தில்தான் புதிய உபுண்டுவைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றவேண்டும், சோதிக்கவேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும், 2 லட்சம் கணினிகளில் நிறுவவேண்டும். 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023-ல் முடிந்தது. 22.04-க்கு 2027-ல் முடியும். அதாவது அடுத்த மாற்றத்துக்கான நாள் இப்போதே காலண்டரில் குறிக்கப்பட்டிருக்கிறது.

இதோடு பள்ளி ஆண்டையும் பொருத்திப் பாருங்கள். கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூனில். பத்தாம் வகுப்பில் ஐடி பாடத்துக்குக் கணினியில் செய்முறைத் தேர்வு உண்டு. மாணவர் பாடப்புத்தகத்தில் பார்த்த மெனு, தேர்வு நாளில் வேறு இடத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அருமையான புது வசதியாக இருந்தாலும், படிப்பு நடுவில் வந்தால் அது வசதி இல்லை, தொந்தரவு. அதனால் பள்ளிக்கான ரிலீஸ் தேதியைத் தீர்மானிப்பது கோடு தயாரா என்ற கேள்வி மட்டுமல்ல. பயன்படுத்துகிறவர் தயாரா என்பதும்தான்.

இங்கேதான் எழுத்துருக் கதையும் இயங்குதளக் கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன. எழுத்துருக்கள் தயாரானபோது தனித்தனியாக ரிலீஸ் ஆகலாம். இயங்குதளம் காலண்டர் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித்தான் ரிலீஸ் ஆகவேண்டும். ஒரே எழுத்துரு இரண்டு வேகத்திலும் பயணிக்கிறது. அதற்குத் தெளிவான வெர்ஷன் எண் இருந்தால்தான் இது நடக்கும்.

வெர்ஷன் எண் ஒரு வாக்குறுதி

மூன்று இலக்க வெர்ஷன் முறையைப் பெரும்பாலான நிறுவனங்களில் பார்த்திருப்பீர்கள். முதல் எண் மாறினால் பழையது உடையலாம். நடு எண் மாறினால் புது வசதி வந்திருக்கிறது, பழையது உடையாது. கடைசி எண் மாறினால் பிழைத்திருத்தம் மட்டும். உபுண்டு மாதிரி தேதியை எண்ணாக வைப்பது இன்னொரு முறை. முதல் முறை ‘என்ன மாறியது’ என்று சொல்கிறது. இரண்டாவது ‘எவ்வளவு பழையது’ என்று சொல்கிறது. லைப்ரரிக்கு முதலாவது பொருந்தும், பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய முழு அமைப்புக்கு இரண்டாவது பொருந்தும்.

எந்த முறையானாலும், ஒவ்வொரு ரிலீஸும் ஒரு கடன். லினக்ஸ் கெர்னல் 9-10 வாரத்துக்கு ஒரு புது வெர்ஷனைக் கொடுக்கிறது. நீண்டகால ஆதரவு வெர்ஷன்களுக்கு 6 வருட ஆதரவு இருந்ததை 2 வருடமாகக் குறைப்பதாக 2023-ல் அறிவித்தார்கள். பழைய வெர்ஷன்களைப் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை, பராமரிப்பவர்களோ களைத்துப்போனார்கள். உலகத்தின் மிகப் பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கே இந்த நிலை என்றால், மூன்று பேர் கொண்ட உங்கள் குழு ஐந்து வெர்ஷனைத் தாங்குவோம் என்று எழுதிக்கொடுப்பதற்கு முன் யோசிக்கவேண்டும்.

ரெப்போவில் இல்லாதது ரிலீஸில் வந்தால்?

2024 மார்ச் 29. ஆன்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப்போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்வாசல் இருப்பதை வெளியிட்டார். பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்துப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒருவர் வைத்த பொறி அது.

நம் பேச்சுக்கு முக்கியமான நுணுக்கம் ஒன்று. பின்வாசலைத் தூண்டிவிடும் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கிற கிட் ரெப்போவில் இல்லை. ரிலீஸுக்காகக் கையால் தயாரித்த சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. ரெப்போவை எத்தனை பேர் படித்திருந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் சிக்கியிருக்காது.

இதன் தாக்கத்தில் உபுண்டு 24.04-இன் பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. உபுண்டு 22.04-இல் இருந்தது பழைய எக்ஸ்இசட் என்பதால் அதன்மேல் கட்டியவர்கள் தப்பித்தார்கள். நிதானமான ரிலீஸ் அட்டவணைக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு. ரிலீஸை ஒருவர் தன் லேப்டாப்பில் தயாரிக்கக் கூடாது, ரெப்போவிலிருந்து தானாக, எல்லோரும் பார்க்கும்படி பில்ட் ஆகவேண்டும் என்பது இப்போது பெரிய திட்டங்கள் மட்டும் பேசுகிற விஷயம் இல்லை.

இது இப்போ ஏன் அவசரம்?

மென்பொருளுக்குள் என்னென்ன கூறுகள், எந்த வெர்ஷனில் இருக்கின்றன என்ற பட்டியலை எஸ்பிஓஎம் என்கிறார்கள். அதற்கான தொழில்நுட்ப வழிகாட்டுதலை மத்திய அரசின் செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டது. அரசுத் துறைகளோடு மென்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களையும் அது மனதில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தில், பாதுகாப்புக் குறைபாடுகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல் தொடங்குகிறது. முழுச் சட்டமும் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். லாப நோக்கில்லாத தன்னார்வலர்களுக்கு அதில் விலக்கு உண்டு. அவர்கள் எழுதியதை எடுத்து ஐரோப்பாவில் விற்கும் நிறுவனத்துக்கு விலக்கு இல்லை.

எந்தக் கூறு, எந்த வெர்ஷன் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது. ரெப்போ அமைப்பு டெவலப்பரின் ருசியாக இருந்த காலம் முடிகிறது.

சரி, நீங்க எப்படி முடிவெடுக்கறது?

• எவை சேர்ந்தே ரிலீஸ் ஆகின்றன? அவற்றை ஒரே ரெப்போவில் வையுங்கள். தனித்தனி வேகத்தில் ரிலீஸ் ஆகிறவற்றைப் பிரியுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையோ மொழியோ இதைத் தீர்மானிக்க வேண்டாம்.

• ஒன்றில் செய்யும் மாற்றம் எத்தனை முறை இன்னொன்றையும் தொடுகிறது? கடந்த ஆறு மாத கமிட்களைப் பாருங்கள். அடிக்கடி என்றால் பிரிக்காதீர்கள்.

• ஒவ்வொரு ரெப்போவுக்கும் பொறுப்பேற்க ஆள் இருக்கிறாரா? பெயர் சொல்ல முடியாத ரெப்போ ஆறு மாதத்தில் அனாதையாகிவிடும்.

• மறுமுனையில் காத்திருப்பவர் யார்? பள்ளியா, வங்கியா, இன்னொரு டெவலப்பரா? அவருடைய காலண்டரை வாங்கிப் பார்த்த பிறகு ரிலீஸ் தேதி போடுங்கள்.

• எத்தனை பழைய வெர்ஷன்களை உண்மையில் தாங்க முடியும்? முடிகிற எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆதரவு முடியும் தேதியை ரிலீஸ் அன்றே அறிவியுங்கள்.

• அமைப்பை மாற்றினால், பழைய பெயரைத் தட்டச்சு செய்பவருக்கு என்ன கிடைக்கும்? பிழைச் செய்தி கிடைக்கும் என்றால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

முதல் நாளே சரியான அமைப்பைக் கண்டுபிடித்தாகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஸ்எம்சி ஒரே மூட்டையாகத் தொடங்கியது தவறல்ல, பிறகு பிரித்ததும் தவறல்ல. ஆளும் தேவையும் மாறியபோது அமைப்பும் மாறியது. உங்கள் குழு சின்னது என்றால், சந்தேகம் இருந்தால், ஒரே ரெப்போவில் தொடங்குங்கள். பின்னால் பிரிக்க கிட்டில் வழி இருக்கிறது. ஆனால் வெர்ஷன் எண்ணையும் மாற்றப் பட்டியலையும் முதல் ரிலீஸிலிருந்தே ஒழுங்காக வையுங்கள். விட்டுப்போன அந்த வரலாற்றைப் பின்னால் எந்தக் கருவியாலும் எழுதித்தர முடியாது.